ஆற்றின் இந்தப் பக்கம்: ஒரு பறவைப் பயணத்தின் விமர்சனம்

ஜனவரியில் ஐந்து நாள் பறவைப் பயணம் ஒன்று போய் வந்தேன். இடம், டெக்சாஸின் தென்கோடியில் ரியோ கிராண்டே ஆற்றங்கரை. அக்கரை மெக்சிகோ. சான் அன்டோனியோவில் வேன் ஏறினால், ஒரு வழிகாட்டி, எட்டுப் பயணிகள், தினமும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவோம். பணம் கொஞ்சம் அதிகம்தான். வீட்டில் அதைப் பற்றி இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

எத்தனை இனம் பார்த்தேன், எந்த லென்ஸ், எந்த ஓட்டல் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அப்படிப்பட்ட பயண அறிக்கைகள் நிறையவே இருக்கின்றன. நான் எழுத வந்தது அந்தப் பயணம் என்கிற வடிவத்தைப் பற்றி. ஒரு நாவலையோ படத்தையோ விமர்சிக்கிற மாதிரி, ‘வழிகாட்டியுடன் பறவைப் பயணம்’ என்பதையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம் இல்லையா? அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்று.

முதலில் இடம். இதை ‘ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு’ என்பார்கள். நேரில் போய்ப் பார்த்தால் பள்ளமும் கிடையாது, மலையும் கிடையாது. தட்டையான ஆற்றுக் கழிமுகச் சமவெளி. நிலம் விற்க வந்தவர்கள் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபலமாக்கிய பெயர் அது. அவர்கள் விற்ற நிலம்தான் பிறகு ஆரஞ்சுத் தோட்டமாகவும் கரும்புக் காடாகவும் காய்கறி வயலாகவும் ஆனது. முன்பு அங்கே இருந்தது முள்ளும் புதருமான காடு. அதில் 95 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. 1950களில் ஃபால்கன் அணை வந்ததும் வெள்ளமும் குறைந்தது. பழைய ஆற்றுத் தடங்களில் நின்ற ஏரிகளுக்கு, அங்கே ‘ரெசாகா’ என்பார்கள், தண்ணீர் வரும் வழி அடைபட்டது. மிச்சம் இருப்பவை துண்டு துண்டான புகலிடங்கள். 1943ல் அமைக்கப்பட்ட சான்டா ஆனா தேசிய வனவிலங்குப் புகலிடம் அவற்றில் ஒன்று. 2,088 ஏக்கர்தான். ஆனால் அங்கே சுமார் 400 பறவையினங்கள் பதிவாகியிருக்கின்றன.

அந்தக் காட்டின் முக்கியமான மரம் மெஸ்கீட். முதல் நாள் காலையில் அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் ராமநாதபுரம் பக்கம் கண்மாய் கண்மாயாக ஆக்கிரமித்திருக்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தக்காரன். ஊரில் ஜேசிபி வைத்துப் பிடுங்குவோம். இங்கே அதுதான் மண்ணின் மைந்தன், நட்டு வளர்க்கிறார்கள். ஒரே குடும்பத்து மரம் ஒரு கரையில் வில்லன், இன்னொரு கரையில் ஹீரோ. எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதைப் பொறுத்து ஒரு உயிரின் மதிப்பு மாறும் என்பது அப்போது ஜோக்காகத்தான் தோன்றியது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்

வழிகாட்டி அபாரமான ஆள். வெஸ்லாக்கோ ஊரில் எஸ்டெரோ யானோ கிராண்டே என்று ஒரு மாநிலப் பூங்கா. அங்கே பாதையோரம் காய்ந்த இலைக் குவியல் ஒன்றைக் காட்டி, “இங்கே ஒரு பறவை இருக்கிறது, பாருங்கள்” என்றார். எட்டுப் பேரும் பார்த்தோம். இலைதான் தெரிந்தது. மூன்று நிமிடம் கழித்து அந்த இலைகளில் ஒன்றுக்குக் கண் இருப்பது தெரிந்தது. ‘பராக்கி’ என்கிற இரவுப் பறவை. நம் பக்கிக் குருவியின் இனம். ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது, தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்க்க ஒருவர் கற்றுத் தரவேண்டியிருக்கிறது என்பதை நான் அன்றைக்குப் புரிந்துகொண்ட மாதிரி எந்தப் புத்தகத்திலும் புரிந்துகொண்டதில்லை.

அதே மாதிரி பச்சை ஜே. காக்கைக் குடும்பம்தான், ஆனால் பச்சை உடம்பு, நீலத் தலை, மஞ்சள் வால் ஓரம். ஏதோ குழந்தை கிரேயானில் வரைந்த மாதிரி இருக்கும். பிறகு அல்டமிரா ஓரியோல். நம் மாங்குயிலையும் ஆங்கிலத்தில் ஓரியோல் என்றுதான் சொல்கிறோம். ஆனால் இரண்டுக்கும் உறவு கிடையாது. கூடு மட்டும் நம் தூக்கணாங்குருவியை ஞாபகப்படுத்தும்: இரண்டடி நீளத்துக்குக் கிளையிலிருந்து தொங்கும் பை. இலையுதிர்ந்த மரத்தில் போன வருஷத்துக் கூடு ஆடிக்கொண்டிருந்ததை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். “அது பறவை இல்லை, கூடு. வாருங்கள்” என்று கூப்பிட்டார்கள்.

இந்த ‘வாருங்கள்’தான் எனக்கு முதல் நெருடல். ஆனால் என் புகார் வேகத்தைப் பற்றியது இல்லை.

வாத்து எந்த நாட்டில் இருக்கிறது?

மூன்றாம் நாள் சலினேன்யோ. ஃபால்கன் அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கிராமம். விடிகாலை, பனி, அகலம் குறைந்த ஆறு. கல்லெறிந்தால் அக்கரையில் விழும். அங்கே எதிர்பார்த்தது காட்டு மஸ்கோவி வாத்து. வீட்டில் வளர்க்கிற மஸ்கோவியை எங்கேயும் பார்க்கலாம். காட்டு மஸ்கோவியை அமெரிக்காவில் பார்க்கவேண்டுமென்றால் இந்த ஆற்றோரம்தான் வரவேண்டும்.

வந்தது. கறுப்பாக, கனமாக, இறக்கையில் வெள்ளைத் திட்டோடு, தண்ணீருக்குச் சற்று மேலே பறந்து வந்தது. எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது. யாரும் சந்தோஷப்படவில்லை. காரணம், அது அக்கரையை ஒட்டிப் பறந்துகொண்டிருந்தது.

விதி இதுதான்: பட்டியலில் சேர்க்கவேண்டுமானால், பார்க்கும்போது பறவை பட்டியலின் எல்லைக்குள் இருக்கவேண்டும். நாட்டு எல்லை நடு ஆற்றில். வாத்து அதைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததா இல்லையா? எட்டுப் பேரும் பைனாகுலரில் வாத்தைப் பார்க்கவில்லை, வாத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் அது கொஞ்சம் இப்படி ஒதுங்கியது. “இப்போது எண்ணலாம்!” என்றார் வழிகாட்டி. கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். என் வாழ்நாள் பட்டியலில் அது ஒரு லைஃபர்.

ஓட்டலுக்குத் திரும்பிய பிறகுதான் யோசித்தேன். நான் புரோகிராமர். எட்ஜ் கேஸில்தான் ஒரு சிஸ்டத்தின் உண்மையான விதி வெளியே வரும் என்பது தொழிலில் கற்ற பாடம். வாத்து அன்றைக்கு எட்ஜ் கேஸ்.

அமெரிக்கன் பேர்டிங் அசோசியேஷன் 1969ல் தொடங்கியது. அமெரிக்கப் பறவை ஆர்வலர்கள் பெரும்பாலும் பின்பற்றுவது அதன் பட்டியல் எல்லையைத்தான். அதில் கனடா உண்டு, அலாஸ்கா உண்டு, மெக்சிகோ கிடையாது. 2016ல் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ஹவாயையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆராய்ச்சியாளர்களின் பட்டியல் இப்படி இல்லை. அமெரிக்கப் பறவையியல் சங்கத்தின் பட்டியல், 1983ல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து, ஆர்க்டிக்கில் தொடங்கிப் பனாமா வரை போகிறது. அந்தப் பட்டியலுக்கு ரியோ கிராண்டே ஒரு ஆறு, அவ்வளவுதான்.

அப்படியானால் எங்கள் பயணத்தில் ‘விசேஷப் பறவைகள்’ என்று விளம்பரப்படுத்தப்பட்டவை எவை? பச்சை ஜே, கிஸ்கடீ, சச்சலாகா, அல்டமிரா ஓரியோல், பராக்கி. இவையெல்லாம் மெக்சிகோவில் பரவலாக இருப்பவை. ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் யாரும் வேனை நிறுத்தமாட்டார்கள். அவற்றின் பரவல் தற்செயலாக ஒரு கோட்டைக் கொஞ்சம் தாண்டி வடக்கே நீள்கிறது. அந்த நீட்டம்தான் சரக்கு. சுருக்கமாகச் சொன்னால், நாங்கள் பணம் கொடுத்துப் பார்க்கப் போனது எல்லை உண்டாக்கிய அபூர்வத்தை.

அந்தக் கோடு வேறு இடத்தில் இருந்திருக்கலாம். 1836க்குப் பிறகு டெக்சாஸ் தன் தெற்கு எல்லை ரியோ கிராண்டே என்றது. மெக்சிகோ, இல்லை, அதற்குச் சுமார் 200 கி.மீ. வடக்கே ஓடும் நுவேசஸ் ஆறு என்றது. இரண்டுக்கும் நடுவில் இருந்த நிலத்தில்தான் 1846ல் போர் மூண்டது. 1848 குவாடலூப் ஹிடால்கோ ஒப்பந்தம் எல்லையை ரியோ கிராண்டேயில் வைத்தது. நுவேசஸ் எல்லையாகியிருந்தால் நாங்கள் தேடிப்போன விசேஷப் பறவைகளில் பெரும்பாலானவை மெக்சிகோப் பறவைகளாகவே இருந்திருக்கும். ஒரு போரின் முடிவு என் டிக் அடித்த பட்டியலுக்குள் இருக்கிறது. பயணத்தில் இதை யாரும் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

பெர்லான்டியே என்று ஒருவர்

திரும்பி வந்ததும் கொஞ்சம் படித்தேன். (ஆராய்ச்சி என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நான் பி.இ. படித்தவன்.) அதில் கிடைத்தது இது.

ஜான்-லூயி பெர்லான்டியே என்று ஒரு இயற்கையியலாளர். 1826ல் மெக்சிகோ வந்தார். மெக்சிகோ அரசு தன் வட எல்லையை ஆராய அனுப்பிய குழுவில் தாவரம், விலங்கு சேகரிப்பது அவர் வேலை. பிறகு ரியோ கிராண்டேயின் தென்கரையில், மட்டமோரோஸ் ஊரிலேயே தங்கிவிட்டார். 1851ல் ஒரு ஆற்றைக் கடக்கும்போது மூழ்கி இறந்தார். 1853ல் அமெரிக்க ராணுவ அதிகாரி டேரியஸ் கௌச், லீவு போட்டுவிட்டுச் சொந்தமாக வடகிழக்கு மெக்சிகோவுக்கு உயிரினம் சேகரிக்கப் போனவர், பெர்லான்டியேவின் சேகரிப்பை அவர் மனைவியிடமிருந்து வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். நாங்கள் மின்கம்பியில் பார்த்த ‘கௌச் கிங்பேர்ட்’ இந்த கௌச்சின் பெயர்தான். பெர்லான்டியேவின் பெயர் அந்தப் பகுதி ஆமை ஒன்றின் அறிவியல் பெயரில் இருக்கிறது.

போருக்குப் பிறகு எல்லைக் கோட்டை அளந்து நட்ட அமெரிக்க நில அளவைக் குழுவின் அறிக்கையைப் புரட்டினால், பறவைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. எழுதியவர் ஸ்பென்சர் பெயர்ட், வெளியானது 1859. அதாவது கோடு போட்ட குழுவே பறவைகளையும் சேகரித்தது. எல்லையும் பட்டியலும் ஒரே அறிக்கையில் பிறந்தவை. பறவை பார்ப்பது அரசியலுக்கு வெளியே இருக்கும் தூய பொழுதுபோக்கு என்று நம்புகிறவர்களுக்கு (போன வருஷம் வரை நானும்) இந்த அறிக்கை நல்ல மருந்து.

சுவரும் ஃபிரேமும்

சான்டா ஆனாவுக்குப் போகும் வழியில் வெள்ளத் தடுப்புக் கரை ஒன்றைத் தாண்டவேண்டும். அந்த மாவட்டத்தில் பல இடங்களில் கரையின் ஆற்றுப் பக்கத்தை வெட்டி, கான்கிரீட் சுவராக மாற்றியிருக்கிறார்கள். சில இடங்களில் அதன் மேல் இரும்புத் தூண் வரிசை. பக்கத்தில் மண்சாலை. பழைய டயர்களைச் சங்கிலியில் கட்டி, வண்டியால் இழுத்து, அந்த மண்ணைச் சமப்படுத்தி வைப்பார்கள். யாராவது நடந்தால் தடம் தெரியவேண்டும் என்பதற்காக. ஒரு பக்கம் நாங்கள், இலைக் குவியலில் ஒரு கண்ணைத் தேடி. இன்னொரு பக்கம் அவர்கள், மண்ணில் ஒரு காலடியைத் தேடி. இரண்டு பேர் கழுத்திலும் பைனாகுலர்.

இரும்புத் தூண் மேல் ஒரு கிஸ்கடீ உட்கார்ந்திருந்தது. எல்லோரும் படம் எடுத்தோம். வேனில் ஒவ்வொருவர் கேமராவையும் பார்த்தேன். யார் படத்திலும் தூண் இல்லை. மஞ்சள் வயிறும் நீல வானமும் மட்டும். என் படத்திலும்தான். கிராப் செய்தது நானே.

“பறவைக்கு ஏது எல்லை, சுவர் மேலே பறந்து போய்விடும்” என்று ஒரு பயணி சொன்னார். அழகான வாக்கியம். ஆனால் தப்பு. பறவைக்கு எல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் இருக்கும் எல்லை இல்லை, புதரும் குளிரும் போடும் எல்லை. புதர் முடிகிற இடத்தில் சச்சலாகாவின் நாடு முடிகிறது. கோழி மாதிரி கிளையில் ஓடித்திரிகிற அது, திறந்த வெளியைத் தாண்டி ரொம்பப் பறக்காது. அரிசோனா எல்லை அருகே குட்டி ஆந்தை ஒன்றைப் பற்றி நடந்த ஆய்வில், அது சராசரியாகத் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில்தான் பறந்தது. 4 மீட்டரைத் தாண்டியது 23 சதவீதப் பறத்தல்களில் மட்டும். அதே இன ஆந்தை டெக்சாஸின் இந்தப் பகுதியிலும் ‘விசேஷம்’தான். சுவர் மட்டும் பிரச்சினை இல்லை. சுவரோடு சேர்த்து 150 அடி அகலத்துக்குச் செடிகொடி அழித்த வெட்டவெளி ஒன்றும் திட்டத்தில் வரும். ஏற்கெனவே 95 சதவீதம் போன காட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

அந்த எல்லையும் நகரக்கூடியதுதான். பச்சை ஜே வடக்கே பரவிக்கொண்டிருக்கிறது. சான் அன்டோனியோ அருகே பச்சை ஜேயும் நீல ஜேயும் இணைந்து பிறந்த ஒரு பறவையை 2025ல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நம் கோடு 1848லிருந்து இந்த ஆற்றிலேயே இருக்கிறது. அவற்றின் கோடு நகர்கிறது.

சட்டத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1936ல் அமெரிக்காவும் மெக்சிகோவும் வலசைப் பறவைகளைக் காக்க ஓர் ஒப்பந்தம் போட்டன. அமெரிக்காவில் அதை நிறைவேற்றும் சட்டம் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம். 2005ல் வந்த ரியல் ஐடி சட்டம், எல்லைத் தடுப்பு கட்டுவதற்காக மற்றச் சட்டங்களை ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தை உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சருக்குக் கொடுத்தது. 2008ல் ஒரே வீச்சில் 30க்கும் மேற்பட்ட சட்டங்கள் ஒதுக்கப்பட்டன. மெக்சிகோவோடு சேர்ந்து பறவைகளைக் காக்கும் சட்டமும் அதில் ஒன்று. இரண்டு நாடுகளின் பறவை ஒப்பந்தம், இரண்டு நாடுகளுக்கு நடுவில் சுவர் கட்ட இடைஞ்சல் என்று ஓரமாகப் போனது.

வேனில் ஒரு நிமிடம்

திரும்பும் வழியில், எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே வந்த பிறகு, சோதனைச் சாவடி. வடக்கே போகும் எல்லா வண்டியும் நிற்கவேண்டும். அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, எல்லோரும் அமெரிக்கக் குடிமக்களா என்று கேட்டார். ஏழு பேர் ஆமாம் என்றார்கள். நான் இல்லை என்று சொல்லி கிரீன் கார்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பறவை பார்க்கப் போனோம் என்றேன். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். வேனில் யாரும் பேசவில்லை. ஐந்து நாளாக ஜோக் அடித்துச் சாப்பாடு பகிர்ந்தவர்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். என் பக்கத்துப் பெரியவர், ரிட்டையர்டு ஆசிரியர், ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். “இடது பக்கம், வேலிக் கம்பத்தில், கரகாரா!” என்றார் வழிகாட்டி. வேன் முழுக்க உயிர் வந்தது. எட்டு பைனாகுலரும் ஒரே நேரத்தில் திரும்பின. என்னுடையதும்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பறவை எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது. ஆனால் அந்த ஐந்து நாளும் பறவை செய்த வேலை அதுதானோ என்று அப்போது தோன்றியது. சுவரைப் பார்க்கவேண்டிய நேரத்தில் எல்லாம் எங்களுக்குப் பார்க்க ஒரு பறவை இருந்தது.

பயண அறிக்கையில் இல்லாத நெடுவரிசை

ஒரு வாரம் கழித்து மெயிலில் பயண அறிக்கை வந்தது. எக்செல் தாள். இடது பக்கம் பறவைப் பெயர், மேலே ஐந்து தேதிகள், கட்டங்களில் எண்ணிக்கை. நேர்த்தியான வேலை. மஸ்கோவிக்கு 1. இடம், ‘சலினேன்யோ’. அக்கரை, இக்கரை என்று எதுவும் இல்லை. அந்தக் கைதட்டலும் இல்லை.

டேட்டாபேஸ் கட்டுகிறவனுக்குத் தெரியும்: ஸ்கீமாவில் இல்லாத நெடுவரிசைக்குள் டேட்டா வராது. யாரும் எதையும் மறைக்கவேண்டியதில்லை. கட்டம் இல்லை, அதனால் பதிவு இல்லை. கொஞ்ச காலத்தில் அது நடக்கவே இல்லை என்றாகிவிடும்.

“பறவை பார்க்க வந்தவர்களிடம் எதற்கு அரசியல்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வழிகாட்டிக்கு இது பிழைப்பு. வேனில் எல்லா விதக் கருத்துக்காரர்களும் இருப்பார்கள். ஐந்து நாள் நிம்மதிக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: இந்தப் பறவைச் சுற்றுலாவால்தான் அந்தத் துண்டுக் காடுகளுக்கு ஊரில் ஒரு மதிப்பு இருக்கிறது. 2017ல் சான்டா ஆனாவுக்குள் சுவர் வரப்போகிறது என்றதும் மக்கள் திரண்டார்கள். 2018 நிதிச் சட்டம் சான்டா ஆனாவுக்கு விலக்குக் கொடுத்தது. 2019 சட்டம் பென்ட்சன் மாநிலப் பூங்காவையும் தேசிய வண்ணத்துப்பூச்சி மையத்தையும் சேர்த்துக்கொண்டது. இந்த இடங்களுக்கு யாரும் போகாமல் இருந்திருந்தால் அவற்றுக்காகப் பேச இத்தனை பேர் இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

ஆனால் அதனால்தான் இந்த மௌனம் உறுத்துகிறது. சுவரைப் பற்றிச் சொல்வது தேர்தல் பிரசாரம் இல்லை. அது வாழிடத்தைப் பற்றிய தகவல். அணையைப் பற்றிச் சொன்னார், கரும்பு வயலைப் பற்றிச் சொன்னார், சிட்டுக்குருவிகளுக்குத் தீனி வைக்கிறவர்களைப் பற்றிச் சொன்னார். கண்ணெதிரே நின்ற கான்கிரீட்டை மட்டும் விட்டுவிட்டார். இலைக் குவியலில் பராக்கியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த அதே ஆள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கரைமேல் பத்து நிமிடம் நின்று, இது எப்போது வந்தது, இதற்குக் கீழே என்ன இருந்தது என்று சொல்லலாம். வேனில் ஒரு மணி நேரப் பயணத்தில் பெர்லான்டியே கதையைச் சொல்லலாம். அறிக்கையில் ஒரு நெடுவரிசை சேர்க்கலாம்: ‘எந்தப் புதரில்’ என்று. நாட்டை வைத்து எண்ணாமல் வாழிடத்தை வைத்து எண்ணினால், ஆற்றின் இரண்டு கரையும் ஒரே பட்டியலில் வரும்.

நான் என் பட்டியலை அப்படி மாற்றி அடுக்கினேன். மெஸ்கீட் புதர், ஆற்றோரக் காடு, ரெசாகா, வயல், நகரத்து மின்கம்பி. மஸ்கோவி எதில் வரும் என்று குழப்பமே இல்லை, ஆறு. கிராப் செய்யாத கிஸ்கடீ படத்தைத் தேடி எடுத்து முகப்புப் படமாக வைத்திருக்கிறேன். தூண் நன்றாகவே தெரிகிறது.

நீங்கள் போவதாக இருந்தால் நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். வழிகாட்டி வைத்துக்கொள்ளுங்கள், பராக்கியை நீங்களாகக் கண்டுபிடிக்கமாட்டீர்கள். கரைமேல் வேனை நிறுத்தச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. என்னைப் போல அமெரிக்கக் குடிமகன் இல்லை என்றால், கார்டையோ பாஸ்போர்ட்டையோ பைனாகுலர் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.